வேலை முடிச்சு 52 நாள் ஆச்சு, காசு இன்னும் வரல. ஃப்ரீலான்ஸ்ல பேமென்ட்டை நேரத்துக்கு எப்படி வாங்குறீங்க?

சப்டைட்டில்_குருவி
எல்லாருக்கும் வணக்கம். நாலு வருஷமா சப்டைட்டில் வேலை ஃப்ரீலான்ஸா பண்றேன், டைமிங், மொழிபெயர்ப்பு, கடைசி க்யூசி எல்லாமே. ஒரு கம்பெனிக்கு 9 எபிசோட் முடிச்சு குடுத்தேன், கடைசி மூணும் அவசரம்னு சொன்னாங்க, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்து முடிச்சேன், ஒரு எபிசோட் கூட லேட் ஆகல. அன்னிக்கே இன்வாய்ஸ் அனுப்பிட்டேன், 30 நாள்ல பேமென்ட்னு தான் பேச்சு.

இன்னிக்கு 52வது நாள். 31வது நாள் ப்ராஜெக்ட் மேனேஜர்கிட்ட கேட்டேன், "அக்கவுன்ட்ஸ்ல கேட்டு சொல்றேன்"னாங்க. 38வது நாள் கேட்டேன், "இந்த வாரம் வந்துடும்"னாங்க. 45வது நாள் அனுப்பின மெசேஜ படிச்சிருக்காங்க, பதில் இல்ல. அவங்க மோசமானவங்க இல்லங்க, வேலை நடக்கும்போது ரொம்ப நல்லா பேசுவாங்க, என் வேலையை பாராட்டி ரெண்டு தடவை மெயில் கூட போட்டாங்க. அதனாலயே அழுத்தி கேக்க வாய் வரல. மெசேஜ் டைப் பண்ண உக்காந்தாலே கடன் கேக்கப் போற மாதிரி ஒரு கூச்சம். "தொந்தரவுக்கு மன்னிக்கவும்"னு ஆரம்பிப்பேன், அழிப்பேன், மறுபடி அதையே எழுதுவேன்.

கறாரா கேட்டா அடுத்த சீசன் வேலை போயிடுமோன்னு பயமா இருக்கு, கேக்கலன்னா இந்த மாசம் சமாளிக்கிறதே கஷ்டம். நான் எங்க தப்பு பண்ணேன்? இப்போ என்ன பண்ணணும்? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

கோடு_எழுதி
அட்வான்ஸ் வாங்காம வேலையை ஆரம்பிச்சது தான் தப்பு. நான் 50 சதவீதம் கைக்கு வராம லேப்டாப்பே திறக்கறதில்ல. இது நடந்து முடிஞ்சது, அடுத்த தடவை பாத்துக்கோங்க.

பழைய_லேஅவுட்
தங்கச்சி, முதல்ல "தொந்தரவுக்கு மன்னிக்கவும்"ங்கறத விடுங்க. நீங்க கேக்குறது உங்க கூலி. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்தது நீங்க, மன்னிப்பு கேக்க வேண்டியது நீங்க இல்ல.

ரெண்டாவது விஷயம், இது எனக்கு புரியறதுக்கே பத்து வருஷம் ஆச்சு. நம்மகிட்ட வேலை வாங்குறவங்க ஒருத்தர், நமக்கு காசு போடுறவங்க வேற ஒருத்தர். உங்க ப்ராஜெக்ட் மேனேஜருக்கு உங்க வேலை எவ்ளோ பிடிச்சிருந்தாலும் அவங்க கையில பட்டன் கிடையாது. "இந்த வாரம் வந்துடும்"னு அவங்க சொன்னது பெரும்பாலும் நம்பிக்கையில சொன்னது, விசாரிச்சு சொன்னது இல்ல.

என் கதைய சொல்றேன். நான் புத்தகம், பத்திரிகைக்கு பக்கம் வடிவமைக்கிற ஆள். ஒரு நிறுவனத்துக்கு 212 பக்க ஆண்டறிக்கை பண்ணேன். 47 நாள் ஆச்சு, எடிட்டர்கிட்ட ஆறு தடவை கேட்டேன், ஆறு தடவையும் நல்ல வார்த்தை தான் வந்துச்சு. ஏழாவது தடவை கோபமா எழுத உக்காந்தவன், என்னமோ தோணி அவங்க அலுவலக நம்பருக்கு ஃபோன் போட்டு அக்கவுன்ட்ஸுக்கு கனெக்ட் பண்ணுங்கன்னேன். ஒரு அம்மா எடுத்தாங்க. இன்வாய்ஸ் நம்பர் கேட்டாங்க, கீபோர்ட் தட்டுற சத்தம் கேட்டுச்சு, அப்புறம் "சார், இந்த நம்பர்ல எங்க சிஸ்டம்ல ஒண்ணுமே இல்லையே"ன்னாங்க. 47 நாளா என் இன்வாய்ஸ் எடிட்டரோட இன்பாக்ஸ்ல ஒரு பிடிஎஃப்பா கிடந்திருக்கு, அவர் ஃபார்வர்டே பண்ணல. இத்தனைக்கும் மனுஷன் ஏமாத்தணும்னு நினைக்கவே இல்ல, அனுப்பிட்டதா அவரே நம்பிட்டு இருந்தாரு. அந்த அம்மாவுக்கு நேரா அனுப்பினேன், 9 நாள்ல காசு வந்துச்சு.

அதனால நாளைக்கு காலைல அக்கவுன்ட்ஸுக்கு பேசுங்க. இன்வாய்ஸ் சிஸ்டம்ல ஏறிடுச்சா, பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர்) நம்பர் வேணுமா, யார் அப்ரூவ் பண்ணணும், அவங்க சிஸ்டம்ல எந்த தேதி ட்யூ டேட்டா இருக்கு, அடுத்த பேமென்ட் ரன், அதாவது எல்லாருக்கும் சேத்து காசு போடுற நாள், எப்போ. இத கேட்டீங்கன்னா நீங்க எங்க நிக்கிறீங்கன்னு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிடும்.

சப்டைட்டில்_குருவி
அண்ணா, படிச்சதும் போய் என் இன்வாய்ஸ எடுத்து பாத்தேன். பி.ஓ. நம்பர்னு ஒண்ணு அதுல இல்லவே இல்ல, அப்படி ஒண்ணு இருக்கும்னே எனக்கு தெரியாது. ப்ராஜெக்ட் மேனேஜருக்கு மட்டும் தான் அனுப்பியிருக்கேன். அதுவும் கடைசி எபிசோட் ஃபைல் அனுப்பின மெயில்லயே கீழ அட்டாச் பண்ணி. அக்கவுன்ட்ஸ் மெயில் ஐடி கூட என்கிட்ட இல்ல.

நேர்மை_மட்டும்
மன்னிக்கணும், இதுல எனக்கு உடன்பாடு இல்ல. அவங்க கம்பெனிக்குள்ள எந்த மேஜையிலருந்து எந்த மேஜைக்கு பேப்பர் போகணும்னு நாம ஏன் கவலைப்படணும்? வேலை குடுத்தாச்சு, இன்வாய்ஸ் குடுத்தாச்சு, நம்ம பொறுப்பு முடிஞ்சுது. அந்த மேனேஜருக்கு சம்பளம் ஒரு நாள் லேட் ஆனா சும்மா இருப்பாங்களா? நமக்குன்னா மட்டும் 52 நாள். இந்த சிஸ்டம், ப்ராசஸ்னு பேசறது எல்லாம் இழுத்தடிக்கிறவனுக்கு நாமளே சாக்கு எடுத்துக் குடுக்கிற மாதிரி இருக்கு. நான் ஒரு தடவை 5 மாசம் அலைஞ்சிருக்கேன், கடைசி வரைக்கும் வரல. பேரைப் போட்டு சோஷியல் மீடியாவுல எழுதுங்க, அன்னிக்கு சாயங்காலமே வரும்.

வவுச்சர்_வாசு
நான் அந்தப் பக்கம் உக்காந்திருக்கிற ஆள். ஒரு நிறுவனத்துல அக்கவுன்ட்ஸ் பேயபிள், அதாவது வெளியாட்களுக்கு காசு போடுற பிரிவு, 11 வருஷம். நேர்மை சொல்ற கோபம் நியாயமானது, நான் மறுக்கல. ஆனா உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா உங்களுக்கு தான் லாபம்.

கொஞ்சம் பெரிய கம்பெனின்னா நாங்க மூணு விஷயத்தை பொருத்திப் பாப்போம். ஒண்ணு பர்ச்சேஸ் ஆர்டர், அதாவது இந்த வேலைக்கு இவ்ளோ தொகைன்னு முன்கூட்டியே போட்ட உத்தரவு. ரெண்டாவது, வேலை வந்து சேந்துடுச்சு, சரியா இருக்குன்னு கேட்டவங்க சிஸ்டம்ல போடுற என்ட்ரி. மூணாவது உங்க இன்வாய்ஸ். மூணுலயும் தொகை ஒத்துப்போனாதான் பேமென்ட் லிஸ்ட்ல பேர் வரும். பி.ஓ.ல ஒரு தொகை, இன்வாய்ஸ்ல அவசர வேலைக்கு சேத்து வேற தொகைன்னா சிஸ்டமே தடுத்து நிறுத்திடும், எங்களால ஒண்ணும் பண்ண முடியாது. நான் பாத்த வரைக்கும் ஃப்ரீலான்சர்ங்க இன்வாய்ஸ் அதிகமா மாட்டுறது ரெண்டாவது இடத்துல. வேலைய வாங்கினவரு "வந்துடுச்சு"ன்னு அந்த ஒரு என்ட்ரிய போட மறந்துடுவாரு, அது போடறதுக்கு ரெண்டு நிமிஷம் கூட ஆகாது.

அப்புறம் பேமென்ட் தினமும் போகாது. பல இடத்துல வாரம் ஒரு நாள், இல்ல மாசம் ரெண்டு நாள் தான் ரன். ரன்னுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடி கட்-ஆஃப். ஒரு மணி நேரம் தவறினாலும் அடுத்த ரன்னுக்கு தள்ளிடும். புதுசா வேலை செய்றவங்கன்னா வென்டர் மாஸ்டர்ல, அதாவது காசு வாங்குறவங்க பட்டியல்ல, பேர், வரி நம்பர், பேங்க் விவரம் ஏத்தணும், அதுக்கு ஒரு ஃபார்ம், அந்த ஃபார்முக்கு தனி அப்ரூவல். இத வேலை ஆரம்பிக்கும்போதே முடிச்சிடுங்க, வேலை முடிஞ்ச அப்புறம் இதை ஆரம்பிச்சா சும்மாவே ரெண்டு வாரம் போயிடும்.

இன்னொண்ணு, "30 நாள்"னா எதுலருந்து 30 நாள்னு கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. இன்வாய்ஸ் தேதியிலருந்தா, எங்களுக்கு கிடைச்ச தேதியிலருந்தா, அப்ரூவ் ஆன தேதியிலருந்தா, இல்ல அந்த மாசக் கடைசியிலருந்தா? மாசக் கடைசின்னு வச்சா, 2ஆம் தேதி போட்ட இன்வாய்ஸுக்கு கிட்டத்தட்ட 60 நாள் ஆயிடும், அதுவும் எங்க கணக்குல "நேரத்துக்கு" தான். ஒரே வார்த்தை, உங்களுக்கு ஒரு அர்த்தம் எங்களுக்கு ஒரு அர்த்தம்.

சோஷியல் மீடியாவுல பேரைப் போடறதப் பத்தி, தயவு செஞ்சு அவசரப்படாதீங்க. அது லீகல் டீமுக்கு போயிடும், போன உடனே எங்களுக்கு வர்ற முதல் உத்தரவே "இந்த பேமென்ட்டை நிறுத்தி வை"ங்கறது தான்.

நேர்மை_மட்டும்
வாசு சார், நீங்க உள்ள இருந்து எழுதினதுக்கு நன்றி, இதெல்லாம் எனக்கு தெரியாது தான். ஆனா ஒண்ணு கேக்குறேன். இவ்ளோ விதி இருக்கு, கட்-ஆஃப் இருக்கு, ஃபார்ம் இருக்குன்னா வேலை குடுக்கும்போதே ஏன் யாரும் சொல்றதில்ல? டெட்லைன் மட்டும் மணி நிமிஷத்தோட சொல்றாங்களே.

வவுச்சர்_வாசு
சொல்லணும். சொல்லாதது எங்க பக்க தப்பு தான், அதுல ரெண்டாவது பேச்சே இல்ல.

மொழிக்கடத்தி
வெளிநாட்டு க்ளையன்ட் வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு விஷயம். "பேமென்ட் அனுப்பிட்டோம், உங்க பேங்க்ல கேளுங்க"ன்னு சொன்னா அப்படியே விடாதீங்க. ஸ்விஃப்ட் (பேங்க்குங்க நாடு விட்டு நாடு பணம் அனுப்ப பேசிக்கிற நெட்வொர்க்) வழியா அனுப்பியிருந்தா அந்த பேமென்ட் மெசேஜோட காப்பிய அவங்க பேங்க்லருந்து எடுத்து குடுக்க முடியும், முன்னாடி அதுக்கு எம்டி 103னு பேர், 2025 நவம்பர்லருந்து பேக்ஸ்.008. அதுல யூஇடிஆர்னு 36 எழுத்துல ஒரு ட்ராக்கிங் நம்பர் இருக்கும். அத வச்சு பணம் எந்த பேங்க்ல நிக்குதுன்னு பேங்க்காரங்க பாத்து சொல்லிடுவாங்க. எனக்கு ஒருத்தர் மூணு வாரம் "அனுப்பியாச்சு அனுப்பியாச்சு"ன்னே சொல்லிட்டு இருந்தாரு, எம்டி 103 அனுப்புங்கன்னு ஒரு வரி எழுதினேன், அதுக்கு பதில் வரல, ஆனா நாலு நாள்ல பணம் வந்துடுச்சு. நான் கேட்ட அப்புறம் தான் அனுப்பியிருக்காரு.

இன்னொண்ணு, நடுவுல இருக்கிற பேங்க்குங்க ஆளுக்கு கொஞ்சம் பிடிச்சுப்பாங்க. இன்வாய்ஸ்லயே "அனுப்பும் செலவு முழுக்க அனுப்புறவர் பொறுப்பு"ன்னு போடுங்க, பேங்க் ஃபார்ம்ல அதுக்கு அவர்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, ஓ யூ ஆர். எஸ்எச்ஏன்னு போட்டா செலவ ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கறது, பிஇஎன்னு போட்டா மொத்தமும் நம்ம தலையில.

சட்டம்_படிச்சவ
சட்டம் பத்தி யாரும் பேசல, அதனால எழுதுறேன். பொதுவான தகவல் தான், உங்க விஷயத்துக்கு வக்கீல்கிட்ட பேசிக்கோங்க.

பல நாட்டுல இதுக்குன்னே சட்டம் இருக்கு, நம்மாளுங்க நிறைய பேருக்கு தெரியறதில்ல. பிரிட்டன்ல 1998லயே தாமதக் கட்டணச் சட்டம் வந்துடுச்சு. வியாபாரத்துக்கும் வியாபாரத்துக்கும் நடுவுல இருக்கிற பாக்கிக்கு, பேங்க் ஆஃப் இங்கிலாந்து அடிப்படை வட்டிக்கு மேல 8 சதவீதம் கேக்கலாம், அது போக 40, 70, 100 பவுண்டுன்னு கடன் தொகைக்கு ஏத்த மாதிரி ஒரு நிலையான தொகையும் கேக்கலாம். தனி ஆளா தொழில் பண்றவங்களுக்கும் இது பொருந்தும். ஐரோப்பிய ஒன்றியத்துல 2011ல வந்த டைரக்டிவ் படி கம்பெனிங்களுக்குள்ள பொதுவா 60 நாள் தான் உச்சம், குறைஞ்சது 40 யூரோ வசூல் செலவா கேக்கலாம்.

நியூயார்க் நகரத்துல 2017 மே மாசத்துலருந்து ஃப்ரீலான்ஸ் இஸின்ட் ஃப்ரீ ஆக்ட்னு ஒண்ணு நடைமுறையில இருக்கு. 800 டாலர் அல்லது அதுக்கு மேல வேலைன்னா எழுத்துல ஒப்பந்தம் போட்டே ஆகணும், அதுல பேமென்ட் தேதி இல்லன்னா வேலை முடிஞ்சு 30 நாளுக்குள்ள குடுக்கணும், குடுக்கலன்னு நிரூபிச்சா ரெண்டு மடங்கு வரைக்கும் வாங்கலாம். 2024 ஆகஸ்ட்லருந்து அது மாநிலம் முழுக்க வந்துடுச்சு. இல்லினாய்ல 2024 ஜூலை, கலிஃபோர்னியாவுல 2025 ஜனவரிலருந்து இதே மாதிரி சட்டம் இருக்கு.

இந்தியாவுல 2006 எம்எஸ்எம்இ சட்டம், அதாவது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான சட்டம். உத்யம்ங்கற அரசு தளத்துல பதிவு பண்ணிருக்கிற குறு, சிறு தொழில்னா, சேவைத் தொழிலும் இதுல அடங்கும், எழுத்துல தேதி பேசியிருந்தாலும் 45 நாளுக்கு மேல போகக் கூடாது, பேசலன்னா 15 நாள். தாண்டினா ரிசர்வ் பேங்க் அறிவிக்கிற பேங்க் ரேட்டுக்கு மூணு மடங்கு வட்டி, மாசாமாசம் கூட்டு வட்டியா ஏறும். 2023 நிதிச் சட்டம் மூலமா வருமான வரிச் சட்டத்துல 43பி(எச்)னு ஒரு பிரிவு சேத்தாங்க. அந்த கெடுவுக்குள்ள குடுக்காத தொகைய வாங்கினவங்க அந்த வருஷ செலவா கழிச்சுக்க முடியாது, எந்த வருஷம் நிஜமா குடுக்கறாங்களோ அப்போதான். அதனால இப்போ நிறைய அக்கவுன்ட்ஸ் டீம் அவங்களாவே உத்யம் சான்றிதழ் கேட்டு மெயில் போடுறாங்க. பதிவு இலவசம், ஆன்லைன்லயே முடியும். வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பண்ணி, நம்பரை இன்வாய்ஸ்லயே அச்சடிச்சிடுங்க.

கேஸ் போடணும்னு இதெல்லாம் சொல்லல. நினைவூட்டல் மெயில்ல கடைசி வரியா சட்டப் பேரை மரியாதையா ஒரு தடவை சொன்னாலே பேச்சோட தொனி மாறிடும்.

புது_ஆளு
நான் ஆறு மாசமா தான் பண்றேன், இல்லஸ்ட்ரேஷன். மேல அண்ணன் 50 சதவீதம் அட்வான்ஸ்னு ஈசியா சொல்லிட்டாரு. நான் அட்வான்ஸ்னு வாயைத் திறந்தா அந்த ஆள் வேற ஆளைப் பாத்துக்கறான். மூணு தடவை நடந்துச்சு. பேர் இருக்கிறவங்களுக்கு தான் இதெல்லாம் செல்லும்.

கோடு_எழுதி
தம்பி, நான் மொட்டையா சொல்லிட்டேன், ஒத்துக்கறேன். ஆரம்பத்துல எனக்கும் யாரும் 50 குடுக்கல. அப்போ நான் பண்ணது, வேலையை துண்டு போடறது. பத்து படம் வரையணும்னா முதல் ரெண்டு படம் தனி வேலை, தனி இன்வாய்ஸ், அது வந்த அப்புறம் அடுத்த மூணு. இதுக்கு யாரும் முகம் சுளிச்சதே இல்ல, ஏன்னா அவங்களுக்கும் உன் வேலை எப்படின்னு தெரியாது, அவங்களுக்கும் இது பாதுகாப்பு. ஏமாந்தாலும் ரெண்டு படத்தோட போகும், பத்தோட போகாது.

அட்வான்ஸ் கேட்டதும் ஓடின அந்த மூணு பேரும் வேலை முடிஞ்சதும் உனக்கு ஒழுங்கா குடுத்திருப்பாங்கன்னு நினைக்கிறியா? எனக்கு சந்தேகம் தான்.

பழைய_லேஅவுட்
கோடு சொல்றது சரி. புது ஆளு, உனக்கு ப்ளாட்ஃபார்ம் வழியா போறதும் ஒரு வழி தான், கமிஷன் போகும், ஆனா காசு முன்கூட்டியே எஸ்க்ரோவுல, அதாவது அந்த ப்ளாட்ஃபார்ம் கையில, நிக்கும். அப்வொர்க்ல ஃபிக்ஸ்ட் ப்ரைஸ் வேலைன்னா மைல்ஸ்டோன் ஃபண்ட் ஆயிருக்கான்னு, அதாவது அந்தக் கட்டத்துக்கான காசை போட்டுட்டாங்களான்னு, பாத்துட்டு ஆரம்பி, நீ வேலைய சமர்ப்பிச்சு 14 நாள் க்ளையன்ட் ஒண்ணுமே சொல்லலன்னா தானா ரிலீஸ் ஆயிடும். ஃபைவர்ல டெலிவரி குடுத்து 3 நாள்ல தானா முடிஞ்சதா ஆயிடும், அப்புறம் காசை எடுக்க பொதுவா 14 நாள் க்ளியரிங். இதுல முக்கியமானது, வேலைய அந்த பட்டன் வழியா தான் சமர்ப்பிக்கணும். சாட்ல ஃபைலை அனுப்பிட்டு உக்காந்திருந்தா அந்த 14 நாள் ஓடவே ஆரம்பிக்காது. என் பக்கத்து சீட்ல வேலை பாத்த பையன் ஒருத்தன் இப்படி ஒரு மாசம் காத்துட்டு இருந்தான்.

தளம்_கட்டுறவன்
வெப்சைட் பண்றவங்களுக்கு. காசு வரலன்னு கோபத்துல க்ளையன்ட்டோட லைவ் சைட்டை முடக்காதீங்க. நான் பண்ணியிருக்கேன், 4 வருஷம் முன்னாடி, அட்மின் பாஸ்வேர்ட் மாத்தி ஒரு நோட்டீஸ் போட்டேன். அவங்க எனக்கு பாக்கி வச்சிருந்தது உண்மை, ஆனா அன்னிலருந்து நான் தான் குத்தவாளி, அவங்க வியாபார நஷ்டம்னு என் மேல கணக்கு காட்டினாங்க, கடைசியில என் பாக்கிய நானே விட்டுக் குடுத்து வெளிய வந்தேன். இப்போ நினைச்சாலும் வயிறு எரியுது.

இப்போ முழு பேமென்ட் வர்ற வரைக்கும் சைட் என் ஸ்டேஜிங் (சோதனை) சர்வர்லயே தான் இருக்கும், அவங்க பாக்கலாம், க்ளிக் பண்ணலாம், திருத்தம் சொல்லலாம். காசு வந்த அன்னிக்கு அவங்க சர்வருக்கு மாத்துவேன். ஒப்பந்தத்துல "முழுத் தொகை வந்த பிறகே காப்புரிமை மாறும்"னு ஒரு வரி. டிசைன் பண்றவங்க வாட்டர்மார்க் போட்ட சின்ன சைஸ் ஃபைல் காட்டலாம், ஒரிஜினல் ஃபைல் பேமென்ட்டுக்கு அப்புறம். இதை முதல் நாளே சொல்லிட்டா யாருக்கும் வருத்தம் இல்ல, கடைசி நாள் சொன்னா தான் மிரட்டுற மாதிரி தெரியும்.

சப்டைட்டில்_குருவி
எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேன், கண் கலங்கிடுச்சு, இவ்ளோ பேர் நேரம் ஒதுக்கி எழுதியிருக்கீங்க. என் வேலையில வாட்டர்மார்க் முடியாது, சப்டைட்டில் ஃபைல் வெறும் டெக்ஸ்ட், அனுப்பினா அனுப்பினது தான். அத அப்புறம் யோசிக்கிறேன். இப்போ அக்கவுன்ட்ஸுக்கு என்ன எழுதறதுன்னு யாராவது ஒரு மாதிரி குடுங்களேன். நான் எழுதினா கெஞ்சுற மாதிரி வருது, இல்லன்னா சண்டை மாதிரி வருது.

வவுச்சர்_வாசு
எனக்கு ஒரு நாளைக்கு நூத்துக்கணக்குல மெயில் வரும்மா. நான் உடனே எடுத்து வேலை பாக்குற மெயில் எப்படி இருக்கும்னா, சப்ஜெக்ட்லயே எல்லாம் இருக்கும். இப்படி எழுதுங்க:

சப்ஜெக்ட்: இன்வாய்ஸ் எண் இன்னது, தேதி இன்னது, தொகை இன்னது, கெடு முடிந்து 22 நாள்.

உள்ள: "வணக்கம். மேலே உள்ள இன்வாய்ஸ் 9 எபிசோட் சப்டைட்டில் பணிக்கானது. பணி இன்ன தேதியில் ஒப்படைக்கப்பட்டு ஏற்கப்பட்டது, அந்த மெயிலை இணைத்துள்ளேன். இது உங்கள் சிஸ்டத்தில் பதிவாகியுள்ளதா, எந்தத் தேதி பேமென்ட்டில் வருகிறது என்று தெரிவிக்கவும். ஏதாவது விவரம் குறைந்தால் இன்றே அனுப்புகிறேன். வரும் புதன்கிழமைக்குள் பதில் எதிர்பார்க்கிறேன்."

இவ்ளோதான். உங்க கஷ்டம், வாடகை எதுவும் வேண்டாம். அது உண்மை தான், ஆனா என்னால அத வச்சு சிஸ்டம்ல எதுவும் பண்ண முடியாது, இன்வாய்ஸ் நம்பர் வச்சு பண்ண முடியும். உங்கள பாராட்டி மேனேஜர் எழுதின மெயில் இருக்குன்னீங்களே, அத கண்டிப்பா இணைங்க, வேலைய ஏத்துக்கிட்டதுக்கு அத விட நல்ல சாட்சி கிடைக்காது. மேனேஜரை சிசியில வைங்க. பிடிஎஃப் மறுபடி அட்டாச் பண்ணுங்க, "முன்னாடி அனுப்பின மெயில் பாருங்க"ன்னு எழுதினா யாரும் தேட மாட்டாங்க.

சட்டம்_படிச்சவ
வாசு சார் மாதிரிக்கு ஒண்ணு சேக்குறேன், ஃபோன்ல பேசினாலும் பேசி முடிச்ச உடனே "நாம் பேசியபடி"ன்னு ஒரு மெயில் போட்டு வச்சுக்கோங்க. பின்னாடி எதுக்காவது தேவைப்பட்டா கையில எழுத்து இருக்கணும், வாய்க்கணக்கு எங்கயும் எடுபடாது.

சப்டைட்டில்_குருவி
(மூணு நாள் கழிச்சு)
அப்டேட். அலுவலக நம்பருக்கு ஃபோன் பண்ணி அக்கவுன்ட்ஸ் மெயில் ஐடி வாங்கினேன், வாசு சார் குடுத்த மாதிரியே எழுதி காலை 10 மணிக்கு அனுப்பினேன். 11:40க்கு பதில் வந்துச்சு. 52 நாள் காத்திருந்தது, பதில் வர ரெண்டு மணி நேரம் கூட ஆகல.

இன்வாய்ஸ் அவங்க சிஸ்டம்ல இல்ல. பி.ஓ. 6 எபிசோடுக்கு தான் போட்டிருக்காங்க, கடைசி மூணு அவசர எபிசோட் வாட்ஸப்ல பேசினது, அதுக்கு பி.ஓ.வே இல்ல! மேனேஜர் என் இன்வாய்ஸை பாத்துட்டு தொகை ஒத்துப் போகலையேன்னு ஓரமா வச்சிருக்காங்க, என்கிட்ட சொல்ல சங்கடப்பட்டு "இந்த வாரம் வந்துடும்"னு சொல்லிட்டே இருந்திருக்காங்க. இப்போ ஃபோன் பண்ணி ரொம்ப வருத்தப்பட்டாங்க. நானும் கூச்சப்பட்டு கேக்கல, அவங்களும் கூச்சப்பட்டு சொல்லல.

மூணு எபிசோடுக்கு புது பி.ஓ. போடுறாங்க. இன்வாய்ஸை ரெண்டா பிரிச்சு அனுப்ப சொன்னாங்க, 6 எபிசோட் ஒண்ணு வர்ற 25ஆம் தேதி ரன்ல போகும், மீதி 10ஆம் தேதி.

நேர்மை_மட்டும்
அதாவது அவசரம்னு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்து பண்ணின வேலைக்கு தான் பேப்பரே இல்ல. எனக்கு இன்னும் கோபம் தான் வருது தங்கச்சி. ஆனா காசு வரப் போறது நிம்மதி. என்னோட அந்த 5 மாசக் கதையில நானும் எடிட்டரை மட்டும் தான் துரத்திட்டு இருந்தேன், இப்போ யோசிச்சா அக்கவுன்ட்ஸ்ல ஒரு தடவை கூட கேக்கல. ரெண்டு வருஷம் ஆச்சு, இப்போ கேட்டா ஏதாவது நடக்குமா?

சட்டம்_படிச்சவ
தாராளமா கேளுங்க. பாக்கிக்கு வழக்கு போட காலக்கெடு நாட்டுக்கு நாடு மாறும், இந்தியாவுல பொதுவா 3 வருஷம், இங்கிலாந்துல 6 வருஷம். பழைய மெயில் எல்லாம் ஒரு ஃபோல்டர்ல எடுத்து வச்சுட்டு இன்னிக்கே எழுதுங்க, தள்ளிப் போடாதீங்க.

பழைய_லேஅவுட்
குருவி, வேலை நடுவுல கூடுதலா ஏதாவது கேட்டா "சரிங்க, பண்றேன், இதுக்கு தனி பி.ஓ. நம்பர் அனுப்பிடுங்க"ன்னு அந்த வாட்ஸப்லயே பதில் போடுங்க. நாகரிகமான ஒரு வரி, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

சப்டைட்டில்_குருவி
(மூணு வாரம் கழிச்சு)
6 எபிசோட் காசு 25ஆம் தேதி சாயங்காலம் வந்துச்சு. மீதி 10ஆம் தேதி வரல, அக்கவுன்ட்ஸுக்கு மறுநாளே எழுதினேன், மேனேஜர் "வேலை வந்துடுச்சு" என்ட்ரி போடலன்னாங்க, வாசு சார் சொன்ன அதே இடம். மேனேஜருக்கு ஃபோன் பண்ணேன், நான் லைன்ல இருக்கும்போதே போட்டாங்க. நேத்து வந்துடுச்சு.

அடுத்த சீசன் எனக்கே குடுத்திருக்காங்க, 12 எபிசோட். 40 சதவீதம் அட்வான்ஸ் கேட்டேன், கம்பெனி பாலிசியில இல்லன்னுட்டாங்க. அப்போ கோடு அண்ணன் சொன்ன மாதிரி மூணு மூணு எபிசோடா பில் போடறேன்னேன், ஒத்துக்கிட்டாங்க. 30 நாள் இன்வாய்ஸ் தேதியிலருந்துன்னு எழுதி வாங்கிட்டேன். முதல் மூணுக்கு பி.ஓ. நம்பர் இன்னிக்கு காலைல வந்துச்சு, நாளைக்கு ஆரம்பிக்கிறேன்.

புது_ஆளு
அக்கா, அவங்க கட்-ஆஃப் என்னிக்குன்னு கேட்டீங்களா?

சப்டைட்டில்_குருவி
கேட்டேன் தம்பி. 22ஆம் தேதி மதியம் 3 மணி. காலண்டர்ல போட்டு வச்சிருக்கேன்.